கனேலோ ஆல்வாரெஸ்: குத்துச்சண்டை வீரரின் உழைப்புக்கு உரிமையாளர் யார்?

2025 செப்டம்பர் 13 இரவு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலுள்ள அலிஜியன்ட் அரங்கில் 70,482 பேர் திரண்டிருந்தனர். மெக்சிகோவின் சவுல் 'கனேலோ' ஆல்வாரெஸும் அமெரிக்காவின் டெரன்ஸ் கிராஃபோர்டும் பன்னிரண்டு சுற்றுகள் மோதினர். 116-112, 115-113, 115-113 என மூன்று நடுவர்களும் கிராஃபோர்டுக்கே வெற்றியை அளித்தனர். இரண்டு எடைப் பிரிவுகளைத் தாண்டி மேலேறி வந்த 37 வயது வீரர், சூப்பர் மிடில்வெயிட் பிரிவின் நான்கு உலகப் பட்டங்களையும் ஆல்வாரெஸிடமிருந்து ஒரே இரவில் பெற்றுக்கொண்டார். உலகெங்கும் 4 கோடியே 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இப்போட்டியைப் பார்த்ததாக, அதை ஒளிபரப்பிய நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது.

விளையாட்டுப் பக்கங்கள் ஆல்வாரெஸின் வயதையும் குறைந்துவிட்ட வேகத்தையும் பற்றி எழுதின. நாம் கவனிக்க விரும்புவது, அந்த மேடைக்குப் பின்னால் நின்றவர்களை. சவூதி அரேபியாவின் பொழுதுபோக்கு ஆணையத் தலைவர் துர்கி அல் அஷ்ஷேக் இப்போட்டிக்குப் பணம் கொடுத்தார். கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி. நிறுவனத்தின் தலைவர் டேனா வைட் இதன் புரமோட்டராக நின்றார். யு.எஃப்.சி.யின் தாய் நிறுவனமான டி.கே.ஓ. குழுமம் சவூதி நிறுவனத்துடன் சேர்ந்து புதிய குத்துச்சண்டை அமைப்பொன்றைத் தொடங்குவதாக 2025 மார்ச்சில் அறிவித்திருந்தது. அவ்வாண்டு ஜூலையில், குத்துச்சண்டை வீரர்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் அடித்தளத்தையே மாற்றக்கூடிய மசோதா ஒன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் அறிமுகமாயிற்று. டி.கே.ஓ. அதனை வெளிப்படையாக ஆதரிக்கிறது.

இருபது ஆண்டுகளாக மேடையேறிவரும் ஆல்வாரெஸின் வாழ்க்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கும்போது, அது ஒரு வெற்றிக் கதை என்ற அளவைத் தாண்டுகிறது. குத்துவதற்கும் குத்து வாங்குவதற்கும் தன் உடலை ஒப்படைக்கும் தொழிலாளிக்குத் தன் உழைப்பின் மீது எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்ற கேள்விக்கு அது ஒரு முக்கியமான சான்றாகிறது.

குச்சி ஐஸ் விற்ற சிறுவன்

1990 ஜூலை 18 அன்று குவாதலஹாராவில் பிறந்த ஆல்வாரெஸ், ஹாலிஸ்கோ மாநிலத்தின் ஹுவானகட்லான் என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தையின் தொழில் குச்சி ஐஸ். மகனும் சிறு வயதிலேயே அதை விற்றார். குடும்பத்தின் ஏழு ஆண்பிள்ளைகளும் குத்துச்சண்டைக்குள் நுழைந்தனர். 2008 ஜூனில் ஏழு பேரும் ஒரே இரவில் ஒரே நிகழ்ச்சியில் களமிறங்கினர். இந்நிகழ்வை அரிய சாதனையாகவே ஊடகங்கள் இன்றுவரை சொல்கின்றன. ஒரு வீட்டின் ஏழு பிள்ளைகளுக்கும் முன்னால் திறந்திருந்த வழி ஏன் ஒன்றாகவே இருந்தது என்பதும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆல்வாரெஸ் தொழில்முறை வீரரானபோது அவருக்கு வயது 15. ஆண்டு 2005. அக்காலத்தில் மெக்சிக அரசியலமைப்பின் 123ஆவது பிரிவு வேலைக்கான குறைந்தபட்ச வயதை 14 என்றே வைத்திருந்தது. 2014இல்தான் அது 15 ஆக உயர்த்தப்பட்டது. பள்ளியில் இருக்க வேண்டிய ஒரு சிறுவன், தலையில் அடிவாங்கும் தொழிலுக்குச் சட்டப்படியே வந்துசேர முடிந்தது.

மெக்சிகோவின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் இவ்விடத்தில் படித்துப் பார்க்கத்தக்கது. 1970இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. அதன் 292ஆவது பிரிவு கால்பந்து, பேஸ்பால் ஆட்டக்காரர்களோடு குத்துச்சண்டையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதாவது குத்துச்சண்டை வீரர் ஒரு தொழிலாளி என்பதைச் சட்டம் ஏற்கிறது. அதே அத்தியாயத்தின் 303ஆவது பிரிவு, வேலை உறவை முடித்துக்கொள்வதற்கான சிறப்புக் காரணங்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று 'திறன் இழப்பு'. வேலையே உடலைத் தேய்ப்பதாக இருக்கும்போது, அந்தத் தேய்மானமே வேலைநீக்கத்திற்கும் காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளர் வழக்குகளைப் பயிலும் மாணவர்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்படும் முகம்

'கனேலா' என்றால் ஸ்பானிய மொழியில் இலவங்கப்பட்டை. செம்பட்டை முடியையும் புள்ளிகள் நிறைந்த வெளிர்ந்த முகத்தையும் கண்டு பயிற்சியாளர் சேப்போ ரெய்னோசோ வைத்த செல்லப்பெயரே 'கனேலோ'. பள்ளியில் அந்த நிறத்துக்காகவே தான் கேலி செய்யப்பட்டதாகவும், அதனாலேயே சண்டையிடத் தொடங்கியதாகவும் ஆல்வாரெஸ் கூறியிருக்கிறார். சிற்றூரில் கேலிக்குக் காரணமான அதே நிறம், தொலைக்காட்சியில் முதலீடாக மாறியது. மெக்சிகோவின் மாபெரும் தொலைக்காட்சி நிறுவனமான டெலிவிசா, அவரை இளம்வயதிலேயே நாட்டின் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மெக்சிக ரசிகர்களுள் ஒரு பகுதியினர் நெடுங்காலம் அவரைத் தம்மவராக ஏற்கத் தயங்கினர். தொலைக்காட்சி உருவாக்கிய நட்சத்திரம் என்றும், வெளிர் நிறத்தால் விளம்பரங்களுக்கு ஏற்றவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றும் கூறினர். இந்த மனக்குறையை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மெக்சிகோவின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இனேகி, 2017இல் சமூக மேல்நகர்வு பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது. பதினொரு நிறச்சாயல்கள் கொண்ட அட்டையைக் காட்டி, தம் நிறம் எது என மக்களையே சொல்லச் சொன்னது அந்த ஆய்வு. தோல் நிறம் வெளிறியவர்களிடம் கல்வி ஆண்டுகளும் மேல்நிலைப் பணிகளும் கூடுதலாகவும், கருமை மிகுந்தவர்களிடம் குறைவாகவும் இருப்பதை அது எடுத்துக்காட்டியது. 'நாங்கள் அனைவரும் கலப்பினத்தவர், எங்களிடையே இனப் பாகுபாடில்லை' என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்ட நாட்டின் அரசு நிறுவனமே தந்த தரவு இது.

ஆல்வாரெஸின் வறுமை உண்மையானது. அவருடைய உழைப்பும் உண்மையானது. அதே வறுமையிலிருந்து, அதே உழைப்போடு வந்த கருநிறத் தோழர்களுக்குக் கிடைக்காத கதவு அவருக்குத் திறந்தது என்பதையும் மறுக்க இயலாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்வதே நேர்மை. ஒடுக்கப்பட்டோரிடையே ஒருவர் மேலே கொண்டுசெல்லப்படும்போது, அவரைத் தேர்ந்தெடுத்த கை எது, அது எந்த அளவுகோலைப் பயன்படுத்தியது என்று கேட்பது அவருடைய திறமையைக் குறைப்பதாகாது.

விடுமுறை வாரமும் சந்தையும்

2011 மார்ச்சில் மேத்யூ ஹேட்டனை வென்று, 20 வயதில் டபிள்யூ.பி.சி. சூப்பர் வெல்டர்வெயிட் பட்டத்தைப் பெற்றார். 2013 செப்டம்பரில் ஃப்ளாய்ட் மேவெதரிடம் முதல் தோல்வியைக் கண்டார். 2015இல் மிகுவெல் கோட்டோவை வென்றார். கென்னடி கோலோவ்கினுடனான 2017ஆம் ஆண்டுப் போட்டி சமநிலையில் முடிந்தது. ஒரு நடுவர் ஆல்வாரெஸுக்கு 118-110 என்று வழங்கிய மதிப்பெண் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 2018இல் கிளென்பியூட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து அவர் உடலில் இருப்பது தெரியவந்து, நெவாடா ஆணையம் ஆறு மாதத் தடை விதித்தது. கலப்படமான இறைச்சியே காரணம் என்று அவர் விளக்கமளித்தார். தடை முடிந்தபின் அதே செப்டம்பரில் கோலோவ்கினை வென்றார்.

அவருடைய பெரிய போட்டிகள் நடந்த நாட்களைப் பாருங்கள். பெரும்பாலும் மே முதல் வாரம் அல்லது செப்டம்பர் நடுப்பகுதி. மே 5, 1862இல் பியூப்லாவில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோ வென்ற நாள். செப்டம்பர் 16 மெக்சிகோவின் விடுதலை நாள். அமெரிக்காவின் வயல்களிலும் சமையற்கூடங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கும் மெக்சிக மக்கள் தம் தாயகத்தை நினைக்கும் இவ்விரு நாட்களும் லாஸ் வேகாஸின் வணிக நாட்காட்டியில் விலைமிக்க வாரங்களாகிவிட்டன. ஆல்வாரெஸின் பெயருக்குச் சந்தையில் கிடைத்த மதிப்பு, இந்த மக்களின் ஏக்கத்திலிருந்தும் அவர்கள் உழைத்துச் சேர்த்த டாலர்களிலிருந்தும் வந்தது.

28 கோடி டாலர் வழக்கு

2018 அக்டோபரில் ஆல்வாரெஸ், டாசோன் என்ற இணையவழி ஒளிபரப்பு நிறுவனத்தில் 11 போட்டிகளுக்குக் குறைந்தது 36.5 கோடி டாலர் பெறும் ஒப்பந்தத்தில் இணைந்தார். விளையாட்டு வரலாற்றில் அதுவரை கேள்விப்படாத தொகை அது. இடையில் நின்ற புரமோட்டர், முன்னாள் வீரர் ஆஸ்கார் டி லா ஹோயாவின் கோல்டன் பாய் நிறுவனம்.

2019இல் விரிசல் வெளிப்பட்டது. ஐ.பி.எஃப். அமைப்பு அவரது மிடில்வெயிட் பட்டத்தைப் பறித்தபோது, தமக்குத் தெரியாமலேயே புரமோட்டர் தரப்பு காலக்கெடுவுக்கு ஒப்புக்கொண்டது என்று ஆல்வாரெஸ் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். உலகில் மிக அதிகம் சம்பாதிக்கும் வீரர் ஒருவர், தம் பட்டம் குறித்த முடிவைத் தாமே அறியாமலிருந்தேன் என்று சொல்லும் நிலை அது.

2020இல் பெருந்தொற்று வந்தது. அரங்குகள் காலியாயின. முன்பு ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தர டாசோன் தயாராக இல்லை. செப்டம்பரில் ஆல்வாரெஸ் டாசோன், கோல்டன் பாய், டி லா ஹோயா ஆகியோர் மீது வழக்குத் தொடுத்தார். கேட்ட தொகை குறைந்தது 28 கோடி டாலர். கணக்கு எளிது: 11இல் மூன்று போட்டிகள் முடிந்திருந்தன, மீதமிருந்த எட்டுக்கும் தலா 3.5 கோடி. நவம்பரில் சமரசம் ஏற்பட்டு, ஒப்பந்தத்திலிருந்து அவர் விடுபட்டார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். புரமோட்டர் பிணைப்பின்றி, ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியே பேரம் பேசும் உரிமையோடு, 2020 டிசம்பரில் கேலம் ஸ்மித், 2021 பிப்ரவரியில் அவ்னி இல்திரிம், மே மாதத்தில் பில்லி ஜோ சாண்டர்ஸ், நவம்பர் 6இல் கேலப் பிளான்ட் என நால்வரை வென்றார். சூப்பர் மிடில்வெயிட் பிரிவின் நான்கு பட்டங்களையும் ஒன்றாக வைத்திருந்த முதல் வீரரானார். விடுபட்ட ஓராண்டுக்குள் நிகழ்ந்த சாதனை இது. பிளான்டை வீழ்த்திய குத்தைப் பற்றிப் பலரும் எழுதினர். அந்தக் குத்துக்கு வழிவிட்ட நீதிமன்ற மனுவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

ஆனால் அவரை விடுவித்தது எது? ஒரு போட்டிக்கு 3.5 கோடி டாலர் பெறும் மனிதரால் சிறந்த வழக்கறிஞர்களை அமர்த்த முடியும். ஓராண்டு போட்டியின்றிக் காத்திருக்கவும் முடியும். எதிர்த்தரப்புக்கு அவர் தேவைப்பட்டார். பெரும்பாலான வீரர்களுக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

அதே 2021 ஆகஸ்டில் 18 வயது மெக்சிக வீராங்கனை ஜெனெட் சகாரியாஸ் சபாட்டா, கனடாவின் மாண்ட்ரியலில் நான்காம் சுற்றில் வீழ்த்தப்பட்டு, ஐந்து நாட்களுக்குப் பின் உயிரிழந்தார். அவ்வாண்டு மே மாதத்தில்தான் வேறொரு போட்டியில் அவர் வீழ்த்தப்பட்டிருந்தார். ஆல்வாரெஸின் பட்டங்களைக் கொண்டாடிய அதே ஆண்டின் மறுபக்கம் இது. தொழில் ஒன்று, அதற்குள் இருக்கும் பேரம்பேசும் வலிமை வானுக்கும் நிலத்துக்குமான இடைவெளி உடையது. பேரம்பேசும் வலிமை இல்லாதவர்களுக்காகத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

அலியின் பெயரில் இரண்டு சட்டங்கள்

அத்தகைய சட்டம் அமெரிக்காவில் 2000இல் இயற்றப்பட்டது. முகமது அலியின் பெயரைத் தாங்கிய குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், 1996ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி நான்கு முக்கியமான விதிகளைச் சேர்த்தது. வீரரின் மேலாளருக்குப் புரமோட்டரின் தொழிலில் நிதிப்பங்கு இருக்கக் கூடாது, புரமோட்டருக்கும் அவ்வாறே. ஒரு போட்டிக்கு வாய்ப்புத் தருவதைக் காட்டி, வீரரின் எதிர்காலத்தை 12 மாதங்களுக்கு மேல் எழுதி வாங்கக் கூடாது. போட்டியால் தமக்குக் கிடைக்கும் வருவாயைப் புரமோட்டர் வீரருக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டம் வழங்கும் அமைப்புகள் தரவரிசைக்கான அளவுகோல்களை வெளியிட வேண்டும்.

இச்சட்டம் குறையற்றதன்று. கூட்டாட்சி அரசு இதைக் கொண்டு வழக்குத் தொடுப்பது மிக அரிது. பாதிக்கப்பட்ட வீரர் தம் சொந்தச் செலவில் நீதிமன்றம் செல்ல வேண்டியிருக்கிறது. இருந்தும், கணக்கைக் காட்டு என்று கேட்கும் உரிமையைச் சட்டமாக எழுதிவைத்தது இதன் பெருமை. கூலி எவ்வளவு என்பதை மட்டும் அறிந்த தொழிலாளிக்கும், லாபம் எவ்வளவு என்பதையும் அறிந்த தொழிலாளிக்கும் பேரம்பேசுவதில் பெரும் வேறுபாடு உண்டு.

2025 ஜூலையில் அறிமுகமான மசோதாவும் அலியின் பெயரையே தாங்கியுள்ளது. 'ஒருங்கிணைந்த குத்துச்சண்டை அமைப்பு' என்ற புதுவகை நிறுவனத்தை அது உருவாக்குகிறது. போட்டியை நடத்துவது, தரவரிசை இடுவது, பட்டம் வழங்குவது ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனம் செய்யலாம். பழைய சட்டம் பிரித்துவைத்த பணிகள் ஒரே கையில் சேர்கின்றன. வருவாயை வீரருக்குத் தெரிவிக்கும் கடமை இந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்பது எதிர்ப்பாளர்களின் தலையாய கவலை.

மசோதாவை ஆதரிப்போரின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். ஒரே எடைப்பிரிவில் நான்கு உலகப் பட்டங்கள் இருப்பது குழப்பம். சிறு வீரர்களுக்கு முறையான காப்பீடு இல்லை. அறிமுகமான வடிவில் இம்மசோதா ஒரு சுற்றுக்கு 150 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் நாடு முழுமைக்கும் விதிக்கிறது. அலியின் துணைவியார் லானி அலியும் இதை ஆதரித்துள்ளார்.

பழைய அமைப்பைக் காப்பாற்ற வேண்டிய தேவை நமக்கும் இல்லை. கிராஃபோர்ட் ஆல்வாரெஸிடமிருந்து வென்ற நான்கு பட்டங்களுள் ஒன்றை, போட்டிக்குரிய கட்டணத்தைச் செலுத்தவில்லை என்று கூறி டபிள்யூ.பி.சி. அமைப்பு 2025 டிசம்பரிலேயே பறித்தது. உலகப் பட்டம் என்பது கட்டணம் பெற்று வழங்கப்படும் தனியார் உரிமம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எனினும், குறைந்தபட்ச ஊதியத்தையும் காப்பீட்டையும் சட்டமாக்குவதற்குக் கணக்குக் கேட்கும் உரிமையை விலையாகக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது? இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கலாமே. இந்தக் கேள்விக்கு நேரடியான விடை ஏதும் முன்வைக்கப்படவில்லை.

ஒரே நிறுவனத்தின் கையில் அனைத்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அலி சட்டம் கலப்புத் தற்காப்புக்கலைக்குப் பொருந்தாது. அங்கே யு.எஃப்.சி. நிறுவனமே போட்டியை நடத்துகிறது, தரவரிசையை நிர்வகிக்கிறது, பட்டத்தையும் வழங்குகிறது. பெரிய குத்துச்சண்டைப் போட்டிகளில் வருவாயின் பாதிக்கும் மேல் வீரர்களுக்குச் செல்வது வழக்கமாயிருக்க, யு.எஃப்.சி. வீரர்களின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகவே இருந்தது என்பது நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்குகளால் தெரிந்தது. தம் ஊதியத்தை ஏகபோகத்தால் அமுக்கினர் என்று முன்னாள் வீரர்கள் தொடுத்த அந்த வழக்கு, 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அதற்கு இறுதி ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே அதே குழுமம் குத்துச்சண்டைக்குள் நுழைவதாக அறிவித்தது.

சவூதிப் பணமும் சுதந்திர வீரரும்

ஆல்வாரெஸ் இப்போது நிற்கும் இடம் நமக்குச் சங்கடத்தையும் தருகிறது. புரமோட்டரின் பிடியிலிருந்து போராடி வெளியேறியவர், 2025 பிப்ரவரியில் ரியாத் சீசனுடன் நான்கு போட்டிகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். மே மாதத்தில் ரியாதிலேயே வில்லியம் ஸ்கல்லுடன் மோதினார். புலம்பெயர் தொழிலாளர்களை முதலாளியின் அனுமதிக்குக் கட்டிப்போடும் கஃபாலா முறைக்காக உலகம் அறிந்த நாடு சவூதி. அந்நாடு விளையாட்டைக் கொண்டு தன் பெயரைக் கழுவிக்கொள்கிறது என்று மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. தம் ஒப்பந்தத்தை முறித்து வெளியேறும் உரிமைக்காக வழக்காடிய ஒருவர், அவ்வுரிமை மறுக்கப்பட்ட தொழிலாளர்கள் எழுப்பிய நகரத்தில் போய் மோதினார்.

இதனால் அவரைத் துரோகி என்று நாம் சொல்லவில்லை. தனிமனித விடுதலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது என்றே சொல்கிறோம். ஆல்வாரெஸ் 2020இல் பெற்ற சுதந்திரம் அவருக்குரியதாகவே நின்றுவிட்டது. அது அவருடைய போட்டிகளுக்கு முன்னர் அதே மேடையில் நான்கு சுற்றும் ஆறு சுற்றும் மோதும் பெயரறியா வீரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ப்பதற்குத் தேவையான தொழிற்சங்கம் அத்தொழிலில் இல்லை. கால்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் அமெரிக்காவில் வலுவான வீரர் சங்கங்கள் உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பந்தத்தோடு நிற்கும் குத்துச்சண்டையில் அத்தகைய சங்கம் வேரூன்றவில்லை.

எனவே இந்த மசோதா எந்த வடிவில் சட்டமானாலும், அதைப் படிக்கும் மாணவர்களும் தோழர்களும் மூன்று கேள்விகளை முன்வைத்துப் படிக்க வேண்டுகிறோம். வருவாய்க் கணக்கைக் கேட்கும் உரிமை வீரருக்கு உண்டா? ஒப்பந்தம் அவரை எத்தனை காலம் கட்டிவைக்கும்? மேடையில் காயமுற்றுத் திறன் இழந்தவருக்கு அதன்பின் யார் பொறுப்பு?

அடுத்த போட்டிக்கு அமரும்போதும் ஆல்வாரெஸின் பக்கத்தில் வழக்கறிஞர்கள் இருப்பார்கள். குவாதலஹாராவின் ஏதோவொரு பயிற்சிக்கூடத்தில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போகும் 15 வயதுப் பிள்ளையின் பக்கத்தில் யாரும் இருக்கப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்குப் புரியாத தாளில் எது எழுதப்படக் கூடாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதுதான் சட்டத்தின் வேலை.